செட்டர் வேலையை விட்டு நின்ற வருடம் எனக்குக் கற்றுக்கொடுத்தவை

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் என் அப்பா தொடங்கிய சிறிய ஜாப் ஒர்க் பட்டறையை 2021 ஆகஸ்டிலிருந்து நான் நடத்தி வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்த பிறகு, அதுவரை கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பட்டறை முழுவதும் பொறுப்பாக வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இரண்டு சிஎன்சி டர்னிங் சென்டர், கடனில் வாங்கிய ஒரு விஎம்சி (அதே வகை மில்லிங் மெஷின்), பழைய லேத் ஒன்று, ட்ரில்லிங் மெஷின் ஒன்று, பதினோரு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் அவர்கள் கொடுக்கிற வார்ப்பை வாங்கி, ட்ராயிங்கில் உள்ளபடி வெட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். வங்கிக் கடன், ஜிஎஸ்டி, மின்கட்டணம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசவும் ஆலோசனை சொல்லவும் இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். தேர்ந்த தொழிலாளர் ஒருவர் போய்விட்டால் ஒரு சிறு பட்டறை என்ன பாடுபடும் என்பதையும், அவர் ஏன் போகிறார் என்பதையும் மட்டும் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் பண விவரம் உட்பட எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

2022 பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் செட்டர் என்னிடம் வந்து, பொங்கல் முடிந்ததும் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொன்னார். ஒன்பது வருடங்களாக எங்களிடம் இருந்தவர். தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்: ஆப்பரேட்டர் என்பவர் பீஸை மாட்டி, கழற்றி, அளந்து, தேவைப்பட்டால் ஆஃப்செட் (டூலின் நிலையைத் திருத்தும் எண்) மாற்றுபவர். செட்டர் என்பவர் புதிய ஜாப் ஒன்று வந்தால் ட்ராயிங்கைப் படித்து, எந்த இன்சர்ட் (வெட்டும் முனை), எந்த வேகம், எப்படிப் பிடிப்பது என்று முடிவுசெய்து, முதல் பீஸைச் சரியாக எடுத்துக் கொடுப்பவர். ப்ரோகிராமையும் பெரும்பாலும் அவரே எழுதுவார். ஆப்பரேட்டர் வராவிட்டால் ஒரு மெஷின் ஒரு ஷிஃப்ட் நிற்கும். செட்டர் இல்லாவிட்டால் பட்டறையே நிற்கும். அவர் போன அடுத்த மாதத்துக்குள் அவரிடம் தொழில் கற்ற ஆப்பரேட்டர் ஒருவரும், தர சோதனை பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவரும் அவர் சேர்ந்த அதே பெரிய தொழிற்சாலைக்கே போய்விட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு இருந்த உணர்ச்சி கோபம்தான். அப்பா படுக்கையில் இருக்கும்போது, அவர் கையால் தொழில் கற்றவர்களே கைவிட்டுப் போகிறார்களே என்று இரவெல்லாம் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால் இரத்த அழுத்தம் ஏறும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். என் கணவருடைய வேலை வேறு துறையில்.

புதிய செட்டர் தேடிய விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப் சுவரில் "சிஎன்சி செட்டர், ஆப்பரேட்டர் தேவை" என்று நோட்டீஸ் ஒட்டினோம். வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். கமிஷனுக்கு ஆள் கொண்டுவரும் ஒருவரிடமும் சொல்லி வைத்தேன். வந்தவர்களில் பலர் பத்து வருட அனுபவம் என்று சொல்லிவிட்டு, ட்ராயிங்கில் இருக்கும் வடிவ டாலரன்ஸ் (எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு) குறிகளைப் படிக்கத் தெரியாமல் நின்றார்கள். அனுபவம் இருப்பதாகத் தோன்றிய ஒருவர், ஊரில் குடும்பக் கடன் இருப்பதாகச் சொல்லி 20,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். அவசரத்தில் கொடுத்தேன், சில வாரங்கள் வந்தார், பிறகு போன் எடுக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்த் தொழில்களில் வேரூன்றியிருக்கிறது. அப்படிக் கட்டிப்போடுவது மனிதருக்குச் செய்யும் அநியாயம் என்பது ஒரு பக்கம். அதனால் பயனும் இல்லை என்பது இன்னொரு பக்கம். இருக்க விரும்பாதவர் கடனோடும் போய்விடுவார், அல்லது கடனுக்காகவே வெறுப்போடு வேலை செய்வார். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இதே வகைதான். அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆள் எடுக்கும்போது நான் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். பேச்சுக்குப் பதிலாக ஒரு ட்ராயிங்கும், மைக்ரோமீட்டரும், முன்பே அளந்து வைத்த பீஸ் ஒன்றும் கொடுத்து அளக்கச் சொல்கிறேன். அதன் பிறகு சில நாட்கள் சம்பளத்தோடு மெஷினில் வேலை செய்ய விடுகிறேன். அந்த நாட்களில் அவர் நம்மைப் பார்க்கிறார், நாம் அவரைப் பார்க்கிறோம். சம்பளம் கொடுக்காமல் "டிரையல்" பார்ப்பவர்களிடம் நல்ல தொழிலாளர்கள் இரண்டாம் நாள் வர மாட்டார்கள். இந்தப் பகுதியில் எந்தப் பட்டறை எப்படி என்ற செய்தி டீக்கடையிலேயே பரவிவிடுகிறது.

அந்த வருட மார்ச் மாதத்தில் நடந்த ஒரு நஷ்டத்தைத் துல்லியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் திறமை என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். பம்புக்குள் போகும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வேர் ரிங் ஒன்றை மாதாமாதம் வெட்டிக் கொடுத்துவந்தோம். உள்துளை 85 மில்லிமீட்டர், டாலரன்ஸ் எச்7, அதாவது 35 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்க வேண்டும். சுவர் மெல்லிய ரிங். புதிதாக வந்த செட்டர் செட்டிங் போட்டு 300 பீஸ் ஓட்டினார். துளையை அளக்கும் போர் டயலில் எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் அளவு சரியாகவே காட்டியது. அனுப்பிய மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து போன் வந்தது: துளைக்குள் விட்டுப் பார்க்கும் ப்ளக் கேஜின் கோ பக்கம் (நுழைந்தே ஆக வேண்டிய முனை) ஒரு ரிங்கில்கூட நுழையவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்கில் மெல்லிய ரிங்கை முழு ஹைட்ராலிக் பிரஷரில் இறுக்கிப் பிடித்து வெட்டினால், பிடித்திருக்கும்வரை துளை வட்டமாக இருக்கும். சக்கைத் தளர்த்தியதும் ரிங் பழைய நிலைக்கு விரிந்து, துளை மூன்று பக்கம் பிதுங்கிய வடிவம் எடுத்துவிடும். இரண்டு புள்ளிகளில் தொட்டு அளக்கும் போர் டயலுக்கு அந்த மூன்று பக்கப் பிதுக்கம் தெரியாது, எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். பழைய செட்டர் ரஃபிங் (முதல் கரடு வெட்டு) முடிந்ததும் மெஷினை நிறுத்தி, பிரஷரைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுத்தான் ஃபினிஷிங் வெட்டு ஓட்டுவாராம். சோதனை பார்த்த பையன் ஒவ்வொரு பீஸிலும் ப்ளக் கேஜை நுழைத்துப் பார்ப்பானாம். இதை லேத்தில் வேலை செய்யும் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ட்ராயிங்கிலோ ப்ரோகிராமிலோ எந்த நோட்டிலோ அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த 300 வார்ப்புகளுக்கும் பீஸ் ஒன்றுக்கு 420 ரூபாய் வீதம் 1,26,000 ரூபாயை எங்கள் கணக்கில் கழித்து டெபிட் நோட் வந்தது. கூலியும் கிடைக்கவில்லை. டெலிவரி தவறக்கூடாது என்று சில ஜாப்களை வேறு பட்டறைகளுக்குக் கூடுதல் ரேட்டில் கொடுத்ததில் ஏறக்குறைய 1,80,000 ரூபாய் கையிலிருந்து போயிற்று. விஎம்சி இரண்டு மாதத்துக்கும் மேலாகப் பெரும்பாலும் சும்மா நின்றது; அதற்கு மாதத் தவணை மட்டும் 64,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் இருந்த முக்கியமான பார்ட் ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஜூன் மாதத்துக்குள் போனது ஏழு லட்சத்துக்குக் குறையாது. ஏப்ரல் மாதச் சம்பளத்தை நகையை வைத்துத்தான் கொடுத்தேன்.

இங்கே ஒரு பயனுள்ள செய்தியைச் சொல்லிவிடுகிறேன். யார் போனாலும் போகாமல் இருப்பதும் ஒன்று உண்டு. அது எழுதி வைத்தது. இப்போது எங்களிடம் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு செட்டப் ஷீட் இருக்கிறது. ஜா எப்படிப் போர் செய்வது, பிரஷர் எவ்வளவு, எந்த இன்சர்ட், எத்தனை பீஸுக்கு ஒருமுறை முனை மாற்றுவது, எந்தக் கேஜால் அளப்பது, முன்பு என்ன தவறு நடந்தது என்று ஒரே பக்கத்தில், பிடித்திருக்கும் முறையைக் காட்டும் போட்டோவோடு. ப்ரோகிராம்களின் பிரதி ஒன்று கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. மெஷினின் மெமரி பேட்டரி தீர்ந்துபோனால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதைக்கூடப் பலர் பட்ட பிறகுதான் அறிகிறார்கள். இந்த ஷீட்டை எழுதித் தருபவருக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறேன். "சொல்லிக் கொடுத்துவிட்டால் நமக்கு மதிப்புக் குறைந்துவிடும்" என்ற அச்சம் தொழில் தெரிந்தவருக்கு இயல்பு. எழுதினால் மதிப்பும் வருமானமும் கூடுகிறது என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் அந்த அச்சம் போகும்.

மே மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய செட்டரைப் பார்த்தேன். அவரே வந்து அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்: அங்கே எவ்வளவு தருகிறார்கள், தம்பி? அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களிடம் ஓவர்டைமோடு 28,000 ரூபாய் வாங்கியவர், அங்கே கையில் 24,000 தான் வாங்குகிறார். பிறகு அவரே விளக்கினார்.

"உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்லீங்க அக்கா. அன்னூர் பக்கம் இடம் வாங்கி வெச்சிருக்கேன், வீடு கட்டணும். பேங்க்ல சம்பள ஸ்லிப்பு கேக்கறாங்க. நம்ம பட்டறைல கவர்ல வாங்கற காசை நான் எங்கீங்க கொண்டு போய்க் காட்டறது?"

எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து இருந்த வழக்கத்தை இங்கே விளக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி வங்கிக் கணக்கில், மீதி ஓவர்டைமோடு சேர்த்துச் சனிக்கிழமை கவரில். அவருக்கு வங்கியில் போனது 13,000, கவரில் போனது ஏறக்குறைய 15,000. இந்தப் பகுதியில் நிறைய பட்டறைகளில் அப்படித்தான். அந்தச் செட்டர் எந்தப் பெரிய தொழிற்சாலை ஆளுக்கும் குறையாமல் சம்பாதித்தார், ஆனால் உலகத்தின் கண்ணுக்கு அவர் 13,000 ரூபாய்க்காரர். வங்கி அவருக்கு வீட்டுக் கடன் கணக்கிட்டது அந்த 13,000-க்குத்தான். அவருடன் போன ஆப்பரேட்டருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார், "மாப்பிள்ளைக்குப் பிஎஃப் பிடிக்கிறாங்களா? கம்பெனி ஐடி கார்டு இருக்கா?" என்று கேட்டார்களாம். பைக் கடன், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, வாடகை வீட்டு ஒப்பந்தம் என்று ஒரு மனிதர் எங்கே போனாலும் "எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், காகிதம் எங்கே" என்ற கேள்வி வருகிறது. எங்களிடம் இருந்தவர்களிடம் பதில் இருந்தது, காகிதம் இல்லை. சிறு தொழில்கள் பெரிய தொழிற்சாலைகளிடம் ஆட்களை இழப்பதற்குச் சம்பளக் குறைவுதான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கண்ட வரையில், வெளியே காட்ட முடியாத சம்பளம்தான் முதல் காரணம். அன்று மண்டபத்திலிருந்து வந்தபோது என் கோபம் முழுவதும் வடிந்துவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து முழுச் சம்பளமும் ஓவர்டைமும் வங்கிக் கணக்கிலேயே போயின. ஆடிட்டரிடம் பேசியபோது இதில் எங்களுக்கும் லாபம் உண்டு என்று தெரிந்தது: வருமான வரிச் சட்டப்படி ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது தொழில் செலவாக ஏற்கப்படாது. கணக்கில் வராமல் கொடுத்த சம்பளத்துக்கு நாங்களே வரி கட்டிக்கொண்டிருந்தோம் என்பதுதான் நிலைமை. பிறகு ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம், மாதாமாதம் சம்பள ஸ்லிப், படத்தோடு அடையாள அட்டை. இவற்றுக்கு ஆன செலவு அச்சுக்கூலி மட்டுமே. கடிதம் கொடுத்த அன்று, இருபது வருடங்களாக லேத்தில் நிற்கும் பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "டர்னர்னு போட்டிருக்கீங்க, சீனியர் டர்னர்னு போட்டுக் குடுங்க" என்று கேட்டார். அன்றே மாற்றிக் கொடுத்தேன். பதவிப் பெயருக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதில்லை.

பிஎஃப் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கட்டாயம். குறைவாக இருந்தாலும் உரிமையாளரும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாக முன்வந்து பதிவுசெய்யலாம். நான் உற்சாகமாகச் சொன்னபோது பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள், ஏனென்றால் கையில் வரும் பணம் குறையும். இதை வாய்ப்பேச்சால் சமாளிக்க முடியாது, கணக்கால்தான் முடியும். 15,000 ரூபாய் அடிப்படையில் தொழிலாளர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். உரிமையாளர் பங்கு அதே 1,800, அதன்மேல் காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் அரை அரை சதவீதம், ஆக 1,950. கையில் வருவது குறையாதபடி சம்பளத்தையும் ஏறக்குறைய 1,800 உயர்த்தினேன். ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) முன்பே இருந்தது. முழுச் சம்பளமும் கணக்கில் வந்ததால் அதற்கான 3.25 சதவீதப் பங்கும் கூடியது. எல்லாம் சேர்த்து மாதம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் அளவுக்குச் செலவு ஏறியது. வருடத்துக்கு 5,40,000 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் ஆட்கள் போனதால் ஆறு மாதத்துக்குள் இழந்தது அதைவிடப் பெரிய தொகை என்பதைக் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. கட்டுப்படியாகாத ரேட்டில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஜாப்களை விட்டுவிட்டேன். முதல் வருடம் நான் எடுத்துக்கொள்ளும் தொகையைக் குறைத்துக்கொண்டேன். பிஎஃப் உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலான தொழிலாளர்கள் அறிந்திருக்கவில்லை. அதை அவர்கள் வீட்டுப் பெண்களிடம் சொன்ன பிறகுதான் மிச்சமிருந்தவர்களும் சம்மதித்தார்கள். பேச வேண்டியது பட்டறையில் மட்டுமல்ல என்பது நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்பும் ஒன்று.

ஈஎஸ்ஐயில் ஒரு சிக்கல் உண்டு, அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் தொழிலாளர் ஈஎஸ்ஐக்கு வெளியே போய்விடுவார். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டு. நடுவில் சம்பளம் உயர்ந்தால் அந்தக் காலம் முடியும்வரை பங்களிப்பு தொடரும். எங்கள் ஆப்பரேட்டர் ஒருவருடைய அம்மாவுக்குச் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நல்ல எண்ணத்தோடு நான் சொன்ன சம்பள உயர்வைக் கேட்டு அவர் முகம் வாடியது ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு உயர்வை ஏப்ரல் மாதத்துக்குப் பொருத்தி, அந்த வரம்பைத் தாண்டுகிறவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்துத் தனியார் குழு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்ட பிறகே சம்பளத்தை ஏற்றினேன். சம்பளம் உயர்த்தும் முன் அந்தக் குடும்பத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

ஆட்களை ஈர்ப்பதைப் பற்றி. தயாராக இருக்கும் செட்டரைச் சந்தையில் தேடுவதை நான் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். தேனி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து ஐடிஐயும் டிப்ளமோவும் முடித்துவிட்டு இந்த ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் கவலை தங்குமிடம். கணபதியில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேர் நெருக்கிப் படுப்பார்கள். பட்டறைக்கு அருகில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, நியாயமான பங்கு மட்டும் வாங்கிக்கொண்டு தங்க வைத்தேன். அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும்; நான்கு பேர் முதல் உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் எடுக்கலாம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை அரசு ஏற்கிறது. பதிவு வேலை கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் செய்யுங்கள். பயிற்சி முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது என்பதுதான் அவர்களை ஈர்ப்பது. அதுவும் காட்டக்கூடிய காகிதம்தான்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டியதை நான் செய்த செலவுகளில் மிகச் சிறந்ததாகச் சொல்வேன். 85,000 ரூபாய் ஆயிற்று. நான் ஒருத்தி மட்டும் இருந்தவரை அருகில் உள்ள வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அதே காரணத்தால்தான் பெண்கள் யாரும் வேலை கேட்டு வரவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. கட்டிய பிறகு பாலிடெக்னிக் முடித்த இரண்டு பெண்கள் தர சோதனைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் வந்த பிறகு வாடிக்கையாளரிடமிருந்து வரும் ரிஜெக்ஷன் கண்கூடாகக் குறைந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களை நிறுத்துவதில்லை. அவர்களில் ஒருவர் திருமணமாகிச் சூலூர் போன பிறகும் பஸ் மாறி வருகிறார்.

வந்தவர் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், அடுத்த படி எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். எங்கள் பட்டறைச் சுவரில் ஒரு பட்டியல் இருக்கிறது. பயிற்சியாளர், ஆப்பரேட்டர், ஆஃப்செட்டைத் தானே முடிவுசெய்யும் ஆப்பரேட்டர், செட்டர், ப்ரோகிராம் எழுதும் செட்டர். எந்தப் படிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு சம்பளம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கேட்பவருக்குக் கூட்டிக் கொடுப்பது, கேட்காதவரை அப்படியே வைத்திருப்பது என்ற பழைய முறையில், அமைதியாக நன்றாக வேலை செய்பவர்தான் முதலில் மனம் உடைந்து போவார். அடுத்த படிக்குப் போக விரும்புகிறவருக்கு மாலை நேர வகுப்புக்கான கட்டணத்தைப் பட்டறை கட்டும். கற்றுக்கொண்டு போய்விட்டால்? சிலர் போனார்கள்தான். ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போன ஒருவர் தன் சித்தப்பா மகனை எங்களிடம் அனுப்பி வைத்தார். போகிறவரை நல்ல முறையில் அனுப்புவதற்கும் பலன் உண்டு: கணக்கை உடனே முடித்துக் கொடுப்பது, அனுபவச் சான்றிதழ் கொடுப்பது, ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டியைக் கேட்காமலே கொடுப்பது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. அதைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கினால் கிராஜுவிட்டி. ஒவ்வொரு மாதமும் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்காவிட்டால், கொடுக்க வேண்டிய அன்று மொத்தமாகச் சுமை விழும்.

வேலை நேரத்தையும் மாற்றினேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்தான் இங்கே வழக்கம். ஓவர்டைம் பணத்துக்காக இளைஞர்கள் விரும்புவார்கள், ஆனால் திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் அதே காரணத்துக்காகவே போய்விடுவார்கள். இப்போது எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பது அவரவர் விருப்பம். நின்றால் சட்டப்படி இரட்டிப்பு விகிதம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. ஊர் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) லீவு கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. வருடத் தொடக்கத்திலேயே எந்த ஊர் நோம்பி எந்த மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு டெலிவரியை அதற்கேற்ப ஒப்புக்கொள்கிறேன். தீபாவளி போனஸுக்கும் வருகைப்பதிவையும் வருடங்களையும் வைத்து ஒரு கணக்கு முறையை எழுதி ஒட்டிவிட்டேன். அதுவரை தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுவதும் பேரமும் மனக்கசப்புமாகப் போகும். போனஸ் வாங்கிய கையோடு வேலையை விட்டு நிற்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் தீராத ஒன்று, வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் தாமதமாக வருவது. சம்பளம் ஏழாம் தேதிக்குள் விழுந்தாக வேண்டும்; வீட்டுக் கடன் வாங்கியவருக்குத் தவணைத் தேதி காத்திருக்காது, ஒருமுறை தவறினால் நாம் கொடுத்த காகிதமே அவருக்கு எதிராகப் போய்விடும். இரண்டு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்து வைக்க எனக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஆயிற்று. அதை இன்சர்ட் வாங்கவோ தவணை கட்டவோ தொடுவதில்லை. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாதவர்கள் உடனே செய்துகொள்ளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டிய தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை, வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு வர வேண்டியதில் கணிசமான பகுதி மார்ச் முடிவதற்குள் வந்துவிடுகிறது, ஆனால் மற்ற மாதங்களில் நான் இன்னும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் அச்சிட்டு அனுப்புகிறேன்; புதிய வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுக்கும்போது ரேட்டைப் பேசுவதற்கு முன் பணம் கொடுக்கும் தேதியைப் பேசிவிடுகிறேன்.